பூசணி மகாராஜா

1885 ஜூன் 4, வியாழன். புதுச்சேரி

இன்று படம் அச்சடிக்கிற கல்லைத் தேய்க்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குணவதி அம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "யாரு வந்திருக்காங்க, சவரி அண்ணே?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றேன். "ரொம்ப நேரமாப் பேச்சுக் குரல் கேட்டுச்சே" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் இந்த நோட்டை வாங்கி வந்தேன். பேச வேண்டியதை இனி இதில் எழுதிவிடலாம்.

முதல் பக்கத்தில் பேர் எழுதுவது முறை. சவரிராயன், வயது நாற்பத்து மூன்று. படம் எழுதுகிறவன். 'ஊசிமுனை' வாரப் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் வரும் 'பூசணி மகாராஜா' என் கைவேலை. கையெழுத்துப் போடுவதில்லை. ஆனாலும் ஊருக்குத் தெரியும்.

ஜூன் 6, சனி

பத்திரிகை வந்தது. இந்த வாரம் பூசணி மகாராஜா யானைமேல் ஏறுகிறார், யானை மண்டியிட்டு அழுகிறது. மீன் அங்காடியில் நாலு பேர் கூடி நின்று பார்த்துச் சிரித்தார்கள். பின்னால் நின்று கேட்டுவிட்டு, வாளைமீன் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு மீன் அதிகம். பாதியைப் பூனைக்கு வைத்தேன்.

பூசணி என்னுடைய யோசனை அல்ல, ஆசிரியர் ஞானாதிக்கத்துடையது. ஆறு வருஷத்துக்கு முன் நான் வேலை கேட்டு வந்தபோது, கப்பலில் வந்த பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு ராஜாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறிப் பேரிக்காய் ஆகிவிடுகிறது. "பாத்தீரா, சவரி? பேரிக்காயா வரைஞ்சு வரைஞ்சே அந்த மனுஷன் மரியாதையை எடுத்துட்டான். நம்ம சனத்துக்குப் பேரிக்காய் தெரியாது. உம்ம வேங்கைமலை ராஜாவுக்கு என்ன காய் பொருந்தும்?" என்றார். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அங்கேயே காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பூசணிக்காய், மீசை, மேலே ஒரு கிரீடம். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

கல்லின்மேல் வரைந்து காகிதத்தில் ஒற்றி எடுக்கிற கல்லச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். மகாராஜாவின் இடக் கன்னத்து மருவை நான் வலக் கன்னத்தில் வைத்து வைத்து, இப்போது அவர் முகம் எனக்கு இடவலம் மாறித்தான் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 7, ஞாயிறு

சம்பா கோவில் என்கிற மாதா கோயிலில் பூசை கண்டேன். பிறகு மனைவி மதலேனாளுக்குக் கடிதம் எழுதினேன். அவள் காரைக்காலில் அண்ணன் சந்தியாகு வீட்டில் இருக்கிறாள். அண்ணிக்குப் பிரசவம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் போனாள். அங்கத்துக் காற்று அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது. மாதம் ஒரு கடிதம் போடுகிறேன். எழுத்து வராது என்பதால் அவள் பதில் போடுவதில்லை. சந்தியாகுவுக்கு எழுத்து வரும். அவனுக்கு வேலை அதிகம்.

எங்கள் மகள் அருளாயி பஞ்சத்தின் இரண்டாம் வருஷம், எழுபத்தேழில், வாந்திபேதியில் போனாள். ஆறு வயது. அப்போது நான் வேங்கைமலை அரண்மனையில் மகாராஜா சந்திரபூபதியின் ஆளுயரப் படத்தை எழுதிக்கொண்டிருந்தேன். கவர்னர் வருவதற்குள் முடித்தாக வேண்டும். வீடு இரண்டு மைல் தூரம்தான். ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்குப் போக எனக்கு விடை கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது அடக்கம் முடிந்திருந்தது.

அந்த மனுஷனைப் பூசணியாக வரைவதில் எனக்குப் பாவம் ஒன்றும் இல்லை.

ஜூன் 13, சனி

பத்திரிகை வந்தது. மழை.

ஜூன் 18, வியாழன்

ஞானாதிக்கத்திடம் கேட்டேன்: ஆள் சிம்மாசனத்திலேயே இல்லையே, இன்னும் எதற்கு இந்தப் படம்? தை மாதமே இங்கிலீஷ் ரெசிடெண்டு துரை மகாராஜாவை விலக்கிவிட்டு, சமஸ்தானத்துக்கு ஒரு மானேஜரைப் போட்டாயிற்று.

"சிம்மாசனம் போனா என்ன? பூசணி இல்லாத வாரம் பத்திரிகை தேங்கிக் கிடக்குது" என்றார். அவர் சொன்னதும் உண்மை. மகாராஜா இப்போது எங்கே இருக்கிறார் என்று இருவருக்கும் தெரியாது. அடுத்த வாரத்துக்கு அவரை அறுந்த பூசணிக்கொடியோடு தரையில் உருளவிட்டேன்.

ஜூன் 22, திங்கள்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்துக்குக் கிட்டே ஒல்லியான ஒருவர் தனியாக நடந்துகொண்டிருந்தார். தோளில் சால்வை, கையில் குடை. கழுத்து எலும்பு துருத்தித் தெரிந்தது. பாலத்துப் படியில் ஏறக் காலைத் தூக்கியவர் அப்படியே ஒரு கணம் நின்றார். வலக் கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. யாரோ பிடித்துக்கொள்வார்கள் என்று காத்திருக்கிற கை. யாரும் பிடிக்கவில்லை. கையை மடக்கிக்கொண்டு, மெதுவாக ஏறினார்.

பிறந்தது முதல் படி ஏறக் கைகொடுக்க ஆள் இருந்தவர்தான் அப்படி நிற்பார். ஒன்பது வருஷம் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் மருவைப் பார்த்தேன். அது இடக் கன்னத்தில் இருந்தது. என் கண்ணுக்கு அது தப்பான பக்கமாகப் பட்டது.

பாலத்தில் அம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

கடற்கரைக்குப் போகவில்லை. வேட்டிகளைத் துவைத்தேன். கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன்.

ஜூன் 27, சனி

போனேன்.

அவர் பாலத்து ஓரத்தில், வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் துணிக்கடைக்காரர்கள் இருவர் இன்றைய 'ஊசிமுனை'யை விரித்துவைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் எட்டிப் பார்த்து, "என்ன அது?" என்று கேட்டார்.

"பூசணி மகாராஜாங்க. நீங்க வெளியூரா? வேங்கைமலை ராஜா. உருண்டு போறான் பாருங்க."

அவர் பத்திரிகையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவரை நேரில பாத்திருக்கீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லை" என்றார் மகாராஜா. "இவரை நான் பார்த்ததில்லை."

அவர்கள் போன பிறகு, முகத்தைத் திருப்பாமலே, "மீசை மட்டும் அப்படியே இருக்கு, சவரி" என்றார்.

நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவர் மெல்லத் திரும்பினார். கண் மட்டும் பழைய கண். "பயப்படாதே. இங்கே நான் யாரையும் ஒண்ணும் செய்ய முடியாது. அங்கேயும் முடியாது. துரை ஒரு காகிதக் கட்டை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். எல்லாம் உன் படம், பொறுக்கி எடுத்தது. இருபத்தேழு. ஒவ்வொண்ணுக்கும் பின்னால் இங்கிலீஷில் விளக்கம். குடிகள் சிரிக்கிற ராஜா நாடாள முடியாதாம்."

உடம்பு ஏன் இப்படி இளைத்துவிட்டது என்று மட்டும் கேட்டேன்.

"நீரிழிவு. இங்கே ஒரு பிரெஞ்சு வைத்தியர் இருக்கிறார் என்று வந்தேன். இருளப்பன் மட்டும் கூட இருக்கிறான். சமையல், துணி எல்லாம் அவன்தான்." கடற்கரைப் பக்கம் கை காட்டினார். "தினம் இங்கே நடக்கிறேன். யாரும் எழுந்து நிற்பதில்லை. யாரும் வழிவிடுவதில்லை. நேற்று ஒரு மீன்காரி என்னை இடித்துவிட்டு, 'கண்ணு தெரியலையா, பெரியவரே' என்றாள். ராத்திரி படுத்த பிறகும் அதை நினைத்துச் சிரித்தேன். ஐம்பது வயசுக்கு இதுதான் எனக்குக் கிடைத்த முதல் உலாத்தல், தெரியுமா?"

கடைசியில் காரியத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே மகள். மைசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தது. அவளும் 'ஊசிமுனை' பார்த்திருக்கிறாள். "நான் இப்போ எப்படி இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. ஒரு படம் எழுதித் தா, அனுப்பணும். என் முகம் உன்னளவுக்கு யாருக்குத் தெரியும்?"

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 2, வியாழன்

கால்வாயை ஒட்டின தெருவில் சின்ன வாடகை வீடு. இருளப்பன் கதவைத் திறந்தான். அரண்மனையில் வெற்றிலைத் தட்டு ஏந்தியவன், இப்போது கையில் கரண்டி. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஒரு மணி நேரம் வரைந்தேன். சதை போன பிறகு அந்த முகத்தில் இவ்வளவு எலும்பு, இவ்வளவு மேடுபள்ளம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கன்னக் குழியில் நிழல் விழுகிற அழகு! வீட்டுக்கு வந்தும் கண்ணை மூடினால் அதுதான். நாளைக்கே போகலாமா என்று தோன்றியது.

ஜூலை 6, திங்கள்

இரண்டாம் தடவை. அவர் கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்த்தேன். எட்டவில்லை.

'ஊசிமுனை'க்கு இந்த வாரப் படம் நன்றாக அமையவில்லை. ஞானாதிக்கம் முகம் சுளித்தார். "பூசணி வாடிப்போச்சே, என்னாச்சு உமக்கு?"

ஜூலை 9, வியாழன்

மூன்றாம் தடவை. மகாராஜா கேட்டார்: "என்னை விட்டு ஏன் போனே, சவரி? சொல்லாமல் கொள்ளாமல். சம்பளம் போதலையா?"

எட்டு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "என் மகள் வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்தபோது மகாராஜா எனக்கு விடை தரவில்லை."

"எப்போ கேட்டே?" என்றார் அவர்.

நான் பென்சிலைத் திரும்ப எடுத்தேன்.

"திவானிடம் கேட்டியா? இருளப்பனிடம்?"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் நின்றது.

"மூணு மாசம், தினம் ரெண்டு மணி நேரம், உன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நீ என்னிடம் பேசினது 'தலையைக் கொஞ்சம் வலப்பக்கம், மகாராஜா' மட்டும்தான். மகள் இருக்கிறது எனக்குத் தெரியாது. அவள் பேர் என்ன?"

சொன்னேன்.

"அருளாயி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சவரி, அந்த வருஷம் கஞ்சித்தொட்டியை மூடினது நான்தான். கவர்னர் வருகிற வழியில் எலும்பும் தோலுமாய் சனங்கள் வரிசையில் நிற்கக் கூடாதென்று மூடச் சொன்னேன். பதினோரு நாள். எத்தனை பேர் செத்தார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதுக்காக நீ என்னைக் கழுதையாய்ப் போட்டிருக்கலாம், பேயாய்ப் போட்டிருக்கலாம். இருபத்தேழு படத்தில் ஒண்ணிலேகூட அந்தத் தொட்டி இல்லையே. நான் குண்டு என்கிறதைத் தவிர என் மேல் உனக்கு வேற குற்றம் தெரியலையா?"

பென்சிலைச் சீவத் தொடங்கினேன். வெளிச்சம் போய்விட்டது, நாளை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

ஜூலை 10, வெள்ளி

விளக்கெண்ணெய் வாங்கினேன். பூனை வரவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

அரண்மனையில் அப்போது யாரிடமும் எளிதில் பேசிவிட முடியாது. இதை அவர் மறந்துவிட்டார். திவான் ஒரு சிடுமூஞ்சி. கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள்.

கழுத்து ஆரத்தின் மரகதங்கள் பாக்கி இருந்தன. ஈர வண்ணம் காய்வதற்குள் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை. படம் எழுதுகிறவர்களுக்குத்தான் அது புரியும்.

மதலேனாளுக்கு இந்த மாதம் கடிதம் எழுதவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

பிரெஞ்சுக்காரர்களின் தேசியப் பெருநாள். கடற்கரை முழுக்கக் கொடி, காகித விளக்கு, பட்டாளத்து வாத்தியம். மகாராஜா வந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் நடக்காதது போல, "என்ன விழா இது?" என்றார்.

"ராஜாவோட கோட்டையைச் சனங்கள் இடிச்ச நாள், மகாராஜா."

"ஓ" என்றார். அப்புறம் சுண்டல் வாங்கித் தரச் சொன்னார். வைத்தியர் அனுமதித்தாரா என்று கேட்டேன். இல்லையாம். கூட்டத்தின் நடுவில் நின்று இருவரும் சாப்பிட்டோம். வாணவேடிக்கை மேலே போகிறபோதெல்லாம் எல்லோரோடும் சேர்ந்து அவரும் வாயைப் பிளந்து பார்த்தார். முழங்கையால் இடித்துக்கொண்டு போனவர்களுக்கு வழிவிட்டார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அரண்மனையில் ஒருநாளும் நான் எழுதியதில்லை.

ஜூலை 16, வியாழன்

படம் முடிந்தது. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமாம், நான்தான்" என்றார். இருளப்பன் அதை அட்டையில் கட்டித் தபாலுக்குக் கொண்டுபோனான்.

இனி அந்த வீட்டுக்குப் போகக் காரணம் இல்லை.

வீட்டுக்கு வந்து கல்லின்மேல் ஒன்று வரைந்தேன். அச்சுக்கு அல்ல, கை பழக்கத்துக்கு. வற்றல் போடக் கயிற்றில் தொங்கவிட்ட பூசணிக் கீற்று. அதில் அந்தக் கன்னக் குழி, கழுத்தெலும்பு, யாரும் பிடிக்காத அந்த நீட்டிய கை. மரு இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் உயிருள்ள வேலை.

ஜூலை 17, வெள்ளி

பிசினும் திராவகமும் பூசினேன். வரைந்தது கல்லில் நிற்க வேண்டுமே, அதற்காகத்தான். ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்த்தேன். அருமையாக விழுந்தது.

ஜூலை 20, திங்கள்

ஞானாதிக்கம் அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டார். "இவர் எங்கே இருக்கார், சவரி? எங்கே பாத்தீர்?" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஆசிரியர் அவர்தானே, நான் என்ன செய்ய முடியும்?

ஜூலை 25, சனி

பத்திரிகை வந்தது. பத்து மணிக்குள் தீர்ந்துவிட்டதாம். மறுபடி அச்சடிக்கிறார்கள்.

ஜூலை 26, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சாயங்காலம் கடற்கரையில் தூரத்தில் நின்றேன். மகாராஜா வழக்கமான நேரத்துக்குக் குடையோடு வந்தார். பாலத்துப் படியருகே போனார். கால் நின்றது, கை நீண்டது. அந்தப் படத்தை ஊரே பார்த்திருக்கிறது. யாரோ, "அடே, பூசணி வற்றல்" என்றார்கள். அங்கே ஒருவர், இங்கே ஒருவர், பிறகு கூட்டம். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வேடிக்கை பார்க்க வந்தார்கள், அவ்வளவுதான். ஒருவன் விளையாட்டுக்குக் குனிந்து கைகொடுத்தான். இன்னும் இரண்டு பேர் எழுந்து நின்று கும்பிடு போட்டார்கள். சுற்றிலும் வழிவிட்டார்கள். அரண்மனையில் வழிவிடுவது போலவே நடுவில் பாதை விழுந்தது.

அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அந்தப் பாதையில் திரும்பி நடந்தார்.

ஜூலை 27, திங்கள்

போனேன். கால்வாய்த் தெருவில் அவர் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இருளப்பன் கதவைப் பாதி திறந்து என்னை மட்டும் உள்ளே விட்டான். கதவைச் சாத்தின பிறகு, "எழுபத்தேழில நானே வந்து ரெண்டு தரம் கேட்டேன். 'வீட்டிலேர்ந்து ஆள் வந்திருக்காமே, போகலையா, ஐயா' என்று. மரகதம் பாக்கி என்றீங்க" என்று மட்டும் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை.

பெட்டிகள் கட்டியிருந்தன. மகாராஜா நாற்காலியில் இருந்தார். மடியில் 'ஊசிமுனை'.

"இதுதான் நல்ல படம்" என்றார். "மகளுக்கு அனுப்பினதைவிட இதுதான் நல்லா இருக்கு."

"ஆசிரியர் என்னைக் கேட்காமல்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைத் தூக்கினார். "வேண்டாம். அதைக் கேட்க எனக்கு வேளை இல்லை. வண்டி வருகிறது."

"எங்கே போகிறீர்கள், மகாராஜா?"

"வேங்கைமலைக்கு. மானேஜர் பின்கட்டில் ரெண்டு அறை தருவதாய்ச் சொல்லியிருக்கிறார். முன்பே வரச் சொன்னார்கள், நான்தான் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். இங்கே நடக்க முடிகிறதே என்று."

வண்டி வந்தது. வாசலில் கூட்டம் விலகியது. வண்டிப் படியில் ஏறுமுன் நிற்பார் என்று நான் கையை நீட்டத் தயாராக இருந்தேன். அவர் நிற்கவே இல்லை. இரண்டு கையாலும் சட்டத்தைப் பற்றி, தானாக இழுத்து ஏறிக்கொண்டார்.

ஆகஸ்டு 2, ஞாயிறு

ஐந்து நாளாக ஒன்றும் எழுதவில்லை. ஜூலை மாதத்துப் பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். சில வரிகளை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்காமல் கீழே எழுதுகிறேன்.

ஞானாதிக்கம் பார்க்கும்படி அந்தப் பிரதியை அவர் மேசையில் வைத்தது நான். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. படத்துக்கு அடியில் எழுத்து எந்த அளவில் போட வேண்டும் என்றுதான் சொன்னேன். யாராவது அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

எழுபத்தேழில் நான் யாரிடமும் விடை கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஆள் இரண்டு தடவை வந்தான். முதல் தடவை, சாயங்காலம் வருகிறேன் என்றேன். இரண்டாம் தடவை, நாளைக்கு என்றேன். எட்டு மரகதமும் ஒவ்வொன்றாக எழுதினேன். எட்டாவது முடிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும். மகிழ்ச்சியாக இருந்தது.

வீட்டுக்குப் போன பிறகுதான் 'விடை தரவில்லை' என்று மதலேனாளிடம் சொன்னேன். வாயில் வந்துவிட்டது. பிறகு அதுவே நடந்தது போல ஆகிவிட்டது.

ஆகஸ்டு 3, திங்கள்

ஞானாதிக்கத்திடம் போய், இனி என்னால் முடியாது என்றேன். "வேற ராஜாக்கள் இருக்காங்களே, சவரி. ஒண்ணா ரெண்டா?" என்றார். நான் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான்.

ஆகஸ்டு 5, புதன். காரைக்கால்

மாயவரம் வரை ரயில், அங்கிருந்து மாட்டுவண்டி. சந்தியாகு வீட்டுக்கு வந்து சேரப் பகல் பன்னிரண்டு. அவன் கிடங்கில் இருந்தான். மதலேனாள் கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. "கடுதாசி போடாம வந்திருக்கீங்க" என்றாள்.

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சுற்றி வளைப்பேன் என்று தெரியும். விடை தரவில்லை என்றது பொய், நான் கேட்கவே இல்லை என்றேன். மரகதத்தைச் சொன்னேன். எட்டு என்பதையும் சொன்னேன்.

கீரைத்தண்டு கையிலேயே நின்றது. அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன்.

"அந்த மனுஷனுக்குப் பிள்ளை உண்டா?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"ராசாவுக்கு."

"ஒரு மகள்."

"உசிரோட இருக்காளா?"

"இருக்கிறாள். மைசூர்ப் பக்கம்."

அவள் கையிலிருந்து கீரை விழுந்தது. முகத்தை மூடிக்கொண்டாள். "எட்டு வருசம்" என்றாள். "தினம் செபமாலை முடிஞ்சதும் கடைசியா அந்த ஆளுக்கு ஒரு மந்திரம். என் வயிறு எரிஞ்ச மாதிரி அவன் வயிறும் எரியணும்னு. அவன் பிள்ளையும் கண்ணு முன்னால போகணும்னு. காய்ச்சலா இருந்த நாள்கூட விட்டதில்ல. நீங்க போடுற படத்தை அண்ணன் கொண்டாந்து காட்டுவாரு. இன்னும் குண்டா இருக்கானேன்னு நினைச்சு இன்னொரு மந்திரம் சொல்லுவேன்."

விழுந்த கீரையை நான் குனிந்து பொறுக்கினேன்.

"முன்னப்பின்ன தெரியாத ஒரு பொண்ணைச் சாகச் சொல்லி எட்டு வருசமா மாதாகிட்ட கேட்டிருக்கேன். நீங்க சொன்ன ஒத்தச் சொல்லுக்காக."

எழுந்து உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் சந்தியாகு வந்து விஷயம் கேட்டுவிட்டு, கிடங்கில் படுத்துக்கொள்ளச் சொன்னான். அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

ஆகஸ்டு 6, வியாழன்

காலையில் மதலேனாள் முக்காடு போட்டுக்கொண்டு கிடங்கு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"கேட்டதைத் திருப்பி எப்படி வாங்கிக்கிறதுன்னு கோயில் சாமியாரைக் கேக்கப் போறேன்" என்றாள். "நீங்களும் வாங்க. உங்களுக்கும் அவர்கிட்ட சொல்ல வேண்டியது இருக்கு."

அவள் முன்னால் நடந்தாள். நான் பத்தடி பின்னால். ஒரு வண்டி வந்தபோது மட்டும் அவள் நின்று, நான் ஓரமாக வந்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மேலே நடந்தாள்.

கோயிலில் சாமியார் இல்லை; பக்கத்து ஊரில் சாகக் கிடக்கிற ஒரு அவஸ்தைக்காரருக்குக் கடைசி நன்மை கொடுக்கப் போயிருக்கிறார், வர நேரமாகும் என்று கோயிற்பிள்ளை சொன்னார். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பெண்கள் பக்கம் போய்த் தூணோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். வேறு யாரும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வெயில் ஒரு பட்டையாக விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

சாமியார் வரும்வரை காத்திருந்தோம்.